"ஏன் வரவில்லை?" என்று கேட்கும் குரல்

நடுவர் அவர்களுக்கும், இலங்கை மலையகத்தின் இந்த ஹட்டன் குளிரிலும் மண்டபத்தை நிறைத்திருக்கும் தேயிலைத் தோட்டத்து உறவுகளுக்கும், எதிரணி நண்பர்களுக்கும் வணக்கம்.

உயர்கல்வியை எல்லோருக்கும் உரியதாக்குவது தொழில்நுட்பமா, கற்பித்தலா என்பது இன்றைய கேள்வி. கற்பித்தலே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய தம்பி, கையில் ஒரு போன் இருந்தால் லயத்துக் காம்பராவே, நம் வரிசை வீட்டு அறையே, விரிவுரை மண்டபம் ஆகிவிடும் என்றார். சரி, அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2020இல் கொரோனா வந்து பல்கலைக்கழகங்களை மூடினார்கள். விரிவுரைகள் சூமுக்குப் போயின. லேர்ன் என்ற கல்வி வலையமைப்பு வழியாக அந்த வகுப்புகளுக்கு டேட்டா காசில்லாமல் கிடைத்தது. அது பெரிய உதவி, நான் மறுக்கவில்லை. அன்றைக்குத் தோட்டத்தில் நாளொன்றுக்கு அடிப்படைச் சம்பளம் 700 ரூபாய். அதில் எத்தனை ரீலோட் போட முடியும்?

ஆனால் டேட்டா இலவசமாக வந்தது, சிக்னல் வரவில்லை. என்னிடம் உயர்தரம் படித்துவிட்டுக் கெம்பஸ் போன பிள்ளை ஒருத்தி. அப்போது முதலாம் வருடம். லயத்தில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. மேல் மலையில், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் மட்டும் இரண்டு கோடு வரும். ஒரு கையில் குடை, ஒரு கையில் போன், காலில் அட்டை. அப்படி நின்றுதான் கேட்டாள். மழை வலுத்தால் அதுவும் போய்விடும். திரையில் அவள் பெயர் வரும், மறையும், திரும்ப வரும், மறையும். அவளுக்கு நான்கு பாடங்கள். மூன்று பாடங்களில் அதை யாரும் கவனிக்கவில்லை. நான்காவது பாடத்தின் விரிவுரையாளர் மட்டும் இரண்டாவது கிழமையே போன் எடுத்தார். "பிள்ளை, உங்கள் பெயர் வந்து வந்து போகிறதே, என்ன பிரச்சினை?" அவ்வளவுதான் கேட்டார். அப்புறம் ஒவ்வொரு பாடத்தையும் பத்துப் பத்து நிமிடக் குரல் பதிவாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கீழே டவுனுக்கு வரும்போது இறக்கிக்கொண்டு, இரவில் அடுப்படியில் உட்கார்ந்து கேட்டாள்.

நான்கு பாடங்களுக்கும் அதே போன், அதே சூம், அதே மலை. ஒன்றில் மட்டும் ஒரு மனிதர் கேட்டார்.

வேலைக்கு ஆள் கூடும் நம் பிரட்டுக்களத்தை நினைத்துப் பாருங்கள். காலையில் பேர் கூப்பிடுவார்கள். ஓர் ஆள் குறைந்தால் உடனே கேள்வி வரும்: "ஏன் வரவில்லை?" வேலைக்கு ஆள் வேண்டும், அதனால் கேட்டார்கள். நம் முன்னோர் தோட்ட வேலைக்கு வந்த 1823இலிருந்து இருநூறு வருடமாக நம்மைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது. அதே கேள்வியைப் படிப்புக்காக, அக்கறையோடு ஒருவர் கேட்க வேண்டும். அந்த ஒருவர்தான் ஆசிரியர்.

மொழிபெயர்ப்புச் செயலி இருந்தால் ஆங்கிலம் தடையில்லை என்று எதிரணித் தங்கை சொன்னார். இதில் எனக்குச் சொந்த வலி உண்டு. நான் தமிழில் உயர்தரம் எழுதி, ஒரு விஞ்ஞான பீடத்துக்குப் போனவள். முதல் நாளே எல்லாம் ஆங்கிலம். பௌதிகவியலில் நன்றாகப் புள்ளி எடுத்த நான், வசனம் விளங்காமல் ஊமை மாதிரி உட்கார்ந்திருந்தேன். முதல் அரையாண்டு முழுவதும் எந்த விரிவுரையாளரும் "விளங்குகிறதா?" என்று எங்கள் வரிசையைப் பார்த்துக் கேட்கவில்லை. இன்று போனில் செயலி இருக்கிறது, நல்லது. ஆனால் அது தமிழ்நாட்டு வழக்கில் "முடுக்கம்" என்கிறது. நாங்கள் படித்தது "ஆர்முடுகல்". அது "அழுத்தம்" என்கிறது, நம் புத்தகத்தில் "அமுக்கம்". நாம் "வலு" என்று படித்ததை அது "திறன்" என்கிறது. பிள்ளைக்கு ஒரு மொழிக்குப் பதிலாக இரண்டு குழப்பம். ஆங்கிலச் சொல்லும் இந்த இரண்டு தமிழ்ச் சொல்லும் தெரிந்த ஆசிரியர் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போட்டால் அரை நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

வாசலை, அதாவது பல்கலைக்கழக அனுமதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. விஞ்ஞானம், கணிதம், வணிகம் போன்ற பிரிவுகளில் 40 வீதம் நாடு முழுவதற்குமான தகுதி வரிசைக்கு, 55 வீதம் மாவட்ட வரிசைக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று இடம் பிரிக்கிறார்கள். நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உண்டு. ஆனால் கோட்டா மாவட்டத்துக்குத்தான். டவுன் பிள்ளையும் தோட்டப் பிள்ளையும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். பாடசாலையில் பௌதிகவியல் ஆசிரியரே இல்லாத பிள்ளை அந்த வரிசைக்கே வருவதில்லை. இதைத் தெரிந்துதான் சுவீடன் உதவியில் தோட்டப் பாடசாலைகள் மேம்பட்ட பிறகு, ஜெர்மனியின் உதவி பத்தனையில் ஆசிரியர்களைப் பயிற்றும் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரிக்கு வந்தது. கட்டடத்துக்குள் நிற்க ஆள் வேண்டுமே! அங்கே பயிற்சி பெற்றவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள்.

கடைசியாக, எதிரணியின் மிகப் பலமான வாதம். பார்வையற்ற மாணவருக்குத் தொழில்நுட்பம்தானே கண் என்றார்கள். உண்மை. என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருள் இலவசம். 2006இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற ஒருவரே தொடங்கியது. தமிழும் வாசிக்கும். எனக்குத் தெரிந்த தம்பி ஒருவன், பார்வை இல்லாதவன், கலைப்பீடத்தில் படிக்கும்போது அதைத்தான் நம்பியிருந்தான். விரிவுரைக் குறிப்பைத் திறந்தால், கணினி என்னவோ ஆங்கில எழுத்துகளைப் பொரிந்து தள்ளியது. காரணம் பாமினி எழுத்துரு. நாம் எல்லோரும் அதில்தான் தட்டச்சுப் பழகினோம். திரையில் "அம்மா" என்று தெரியும். உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். கண்ணுள்ளவனுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கிலம். கணினிக்கும் தமிழாகவே புரியும் யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவி இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. ஒட்டினால் ஒரு நிமிட வேலை. அந்தக் கருவி இருந்தும் ஒரு வருடம் அவன் நண்பர்களைக் கெஞ்சித்தான் குறிப்பு வாசிக்கச் சொன்னான். கைக்கெட்டும் தூரத்தில் கருவி இருந்தது, மாற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இரண்டாம் வருடம் புதிதாக வந்த விரிவுரையாளர் முதல் வகுப்பு முடிந்ததும் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நீங்கள் எப்படி வாசிக்கிறீர்கள்? எனக்குக் காட்டுங்கள்" என்றார். அவன் காட்டினான். அவர் கேட்டார். அந்த வாரக் கடைசியில் தன் குறிப்புகள் எல்லாவற்றையும் மாற்றி, பிழை திருத்தி அனுப்பினார். திங்கட்கிழமை காலை அவன் கோப்பைத் திறந்தான். கணினி தமிழில் பேசியது.

நடுவர் அவர்களே, தீர்ப்பு உங்களிடம். நன்றி, வணக்கம்.