ஒரு மர பெஞ்சு கேட்டு மனு

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வட்டார மருத்துவ அலுவலர் அவர்களே, கேட்ட மறுநாளே இந்தக் கூடத்தைத் திறந்துவிட்ட நூலகர் அவர்களே, ஓய்வூதியர் சங்கத்துப் பெரியோர்களே, படுத்திருப்பவரைப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு ஓடி வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். முழங்கால் வலியோடு மாடி ஏறி வந்த தலைவருக்குத் தனியாக ஒரு நன்றி.

படுத்த படுக்கையானவரை வீட்டில் பராமரிப்பவர்களுக்கு மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். உதவி எங்கே இருக்கிறது, அதை எப்படிக் கேட்பது, பராமரிப்பவரின் முதுகுவலியை யார் கவனிப்பது.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். 2019-இல் என் அம்மா பக்கவாதத்தில் விழுந்தார். ஒரு மருத்துவமனையில் பதினாறு நாள் வைத்திருந்து, மருந்துச் சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது வாரம் இடுப்பில் ஒரு சிவப்புத் தடம். வேர்க்குரு என்று நினைத்துப் பவுடர் போட்டேன். பிசியோதெரபி பிரிவின் வாசலில் ஒரு மர பெஞ்சு. பக்கத்தில், மடியில் தூக்குவாளியோடு ஓர் அம்மாள். கணவருக்கு ஆறு வருடமாகப் பக்கவாதமாம். "தம்பி, அம்மாவை எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கிறீர்கள்?" என்று கேட்டார். புரட்ட வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. அவர் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. தூக்குவாளியைக் கீழே வைத்தார். தன் முந்தானையை பெஞ்சில் விரித்து, சேலையைப் பிடித்து ஒருவரே எப்படிப் புரட்டுவது, முதுகுக்குத் தலையணையை எப்படி அண்டக் கொடுப்பது என்று செய்து காட்டினார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, இரவிலும். அம்மாவின் படுக்கைப் புண் ஆறியது. அந்த அம்மாளின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

இன்று வசதிகள் இருக்கின்றன. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில், வலியையும் வேதனையையும் குறைக்கும் நோய்த்தணிப்புச் செவிலியரும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கே வருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். முதியோருக்கு உதவி எண் 14567. மனம் உடைந்து போகிற இரவில் மனநல உதவி எண் 14416. அது நோயாளிக்கு மட்டுமல்ல, உங்களுக்கும்தான். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 24-ஆம் பிரிவில், அதிக உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படித்தொகை பற்றிப் பேசுகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அதைச் சொல்லிக் கேளுங்கள். கேரளத்தில் படுத்த படுக்கையானவரைப் பார்ப்பவருக்கென்றே, ஆஸ்வாசகிரணம் என்ற பெயரில், மாதம் 600 ரூபாய் வகுத்தார்கள்.

ஆனாலும் எண்ணை அழைத்தால் புரட்டக் கற்றுக்கொள்ள முடியுமா? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தவர்தான் அதைக் கற்றுத்தர முடியும். கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய நோய்த்தணிப்பு இயக்கம் வளர்ந்ததே அக்கம்பக்கத்தாரைத் தொண்டர்களாகப் பழக்கியதால்தான். ஆகவே நாம் கேட்பது பெரிதல்ல, அந்த மர பெஞ்சு போல ஓர் இடம். இந்த நூலகத்தின் கீழ்த்தளத்தில், மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, பராமரிப்பவர்கள் உட்கார இரண்டு மணி நேரம். அன்று ஒரு செவிலியர் வந்தால் போதும். வட்டார மருத்துவ அலுவலர் அவர்களே, உங்களைத்தான் கேட்கிறோம்.

முதுகுவலியைப் பற்றி அந்தச் சனிக்கிழமை பேசிக்கொள்வோம். மனு வாசல் மேசையில் இருக்கிறது. கைநாட்டு வைப்பவர்களுக்கு மையும் இருக்கிறது. தலைவர் அவர்கள் முதல் கையெழுத்துப் போட இசைந்திருக்கிறார். மருந்து கொடுக்கும் நேரமாகிவிட்டவர்களை அடுத்ததாக விடுங்கள்.