வந்திருப்பேன், சொல்லியிருக்கலாம், போயிருக்க வேண்டும்: பிரெஞ்சில் கோந்திசியோனெல் பாசே

வணக்கம். இந்த வீடியோவை இரண்டாவது முறையாக எடுக்கிறேன். முதல் முறை இருபது நிமிடம் மூச்சுவிடாமல் பேசி முடித்த பிறகுதான் மைக்கை ஆன் செய்யவே இல்லை என்று தெரிந்தது. முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். பிரெஞ்சில் சொன்னால், ஜோரே ட்யு வெரிஃபியே ல மிக்ரோ. இன்றைய பாடமே இந்த ஜோரே ட்யு தான், அதனால் அந்த இருபது நிமிடமும் முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன்.

இதன் பெயர் கோந்திசியோனெல் பாசே. நடந்திருக்கலாம், ஆனால் நடக்கவில்லை என்கிற விஷயங்களைச் சொல்லும் வினை வடிவம். பெரும்பாலும் பி1, பி2 என்கிற நடு நிலைப் பாடங்களில் இது வரும், அங்கே பலர் மிரண்டு நின்றுவிடுகிறார்கள். எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. தமிழ் பேசுகிறவர்களுக்கு இது புது விஷயமே இல்லை. ஆங்கிலம் வழியாகச் சுற்றிப்போய் வுட் ஹேவ், வுட் ஹேவ் என்று உருப்போடுகிறோம். 'வந்திருப்பேன்' என்ற ஒரு சொல்லை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். வந்து, இருப்பேன். 'வா' என்கிற வினை எச்சமாகி ஓரமாக நின்றுவிடுகிறது, யார் எப்போது என்கிற பாரத்தையெல்லாம் 'இரு' என்ற துணைவினைதான் சுமக்கிறது. பிரெஞ்சும் இதையேதான் செய்கிறது, வரிசை மட்டும் தலைகீழ். ஜ ஸெரே வென்யு. 'இருப்பேன்' முன்னால், 'வந்து' பின்னால். அவ்வளவுதான்.

பிரெஞ்சில் துணைவினை இரண்டு, கைவசம் இருப்பதைச் சொல்லும் அவ்வார் ஒன்று, நம் 'இரு' மாதிரியான எத்ர் ஒன்று. பாசே கோம்போசே, அதாவது சாதாரண இறந்தகாலம், படித்தவர்களுக்கு எந்த வினைக்கு எது என்று ஏற்கெனவே தெரியும், இங்கேயும் அதே பட்டியல்தான், புதிதாக எதுவும் இல்லை. போவது, வருவது, கிளம்புவது, விழுவது, பிறப்பது, இறப்பது மாதிரி கொஞ்சம் வினைகளும், ஸ லெவே போல ஸ சேர்ந்து வருகிறவையும் எத்ர் எடுக்கும், மற்றதெல்லாம் அவ்வார். அந்தத் துணைவினையை கோந்திசியோனெல் நிகழ்காலத்தில் வையுங்கள், பின்னால் பார்த்திசிப் பாசே, அதாவது நம் 'வந்து' மாதிரியான எச்ச வடிவம், போடுங்கள். ஜோரே, த்யு ஓரே, இல் ஓரே, நூ ஸோரியோன், வூ ஸோரியே, இல் ஸோரே. எத்ர் என்றால் ஜ ஸெரே, த்யு ஸெரே, இல் ஸெரே, நூ ஸெரியோன், வூ ஸெரியே, இல் ஸெரே. எழுத்துகள் திரையில் இருக்கின்றன, பாருங்கள், உச்சரிப்பு ஒன்றாகவே இருந்தாலும் கடைசி எழுத்துகள் மாறும். எத்ர் வந்தால் பெண்பாலுக்கு ஓர் ஈ, பன்மைக்கு ஓர் எஸ் சேர்க்க வேண்டும், அதுவும் பெரும்பாலும் காதில் விழாது, எழுதும்போது மட்டும் மதிப்பெண்ணைக் கடிக்கும்.

எதிர்மறை என்றால் ந, பா இரண்டும் துணைவினையைத்தான் சுற்றி நிற்கும். ஜ ந ஸெரே பா வென்யு, வந்திருக்க மாட்டேன். பார்த்திசிப்புக்குப் பின்னால் பா போடுகிறவர்கள் நிறையப் பேர், நானும் போட்டிருக்கிறேன்.

அப்புறம் 'ஸி', அதாவது நம் 'இருந்தால்' என்பதில் வரும் 'ஆல்'. 'தெரிந்திருந்தால் வந்திருக்க மாட்டேன்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஸி ஜாவே ஸ்யு, ஜ ந ஸெரே பா வென்யு. தமிழில் முதல் பாதியில் 'இருந்தால்', இரண்டாம் பாதியில் 'இருக்க மாட்டேன்', இரண்டு இடத்திலும் 'இரு' இருந்தாலும் வடிவம் வேறு. பிரெஞ்சிலும் வேறுதான். ஸி உள்ள பாதியில் ப்ளு க பார்ஃபே, அதாவது ஜாவே ஸ்யு மாதிரி இன்னும் முந்தைய இறந்தகாலம், மற்ற பாதியில் கோந்திசியோனெல் பாசே. ஸி ஜோரே ஸ்யு என்று சொல்லக் கூடாது. பிரெஞ்சுக் குழந்தைகளே இந்தத் தப்பைச் செய்வதால் அங்கே பள்ளிகளில் ஒரு வேடிக்கை வாக்கியம் சொல்லித் தருவார்கள்: லே ஸி நேம் பா லே ரே. காதால் கேட்டால் 'ரம்பங்களுக்குத் திருக்கை மீன்களைப் பிடிக்காது' என்று அர்த்தம், ஏனென்றால் ரம்பத்துக்குப் பெயர் ஸி, திருக்கைக்குப் பெயர் ரே. உள்ளே ஒளிந்திருக்கிற விதி, நிபந்தனைச் சொல்லான ஸிக்குப் பக்கத்தில் ரே ஒலியில் முடியும் வினை வரக்கூடாது என்பது. ரம்பமும் மீனும் ஒரு முறை கண்ணுக்குள் வந்துவிட்டால் பிறகு மறக்காது. ஆனால் ஒன்று, 'வருவானா என்று தெரியவில்லை' மாதிரி சந்தேகக் கேள்விக்கும் இதே ஸிதான், அங்கே ரே வரலாம். அது வேறு ஸி, அந்த ரம்பத்துக்குப் பல் கிடையாது.

இரண்டு பாதியும் ஒரே காலத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நேற்றுத் தூங்கியிருந்தால் இப்போது களைப்பாக இருக்க மாட்டேன்: ஸி ஜாவே தோர்மி, ஜ ந ஸெரே பா ஃபாதிகே. கவனியுங்கள், கடைசியில் இருப்பது கோந்திசியோனெல் பாசே மாதிரியே வேஷம் போடுகிறது, ஆனால் இல்லை. ஃபாதிகே இங்கே பெயரடை, வாக்கியம் நிகழ்காலத்தைப் பேசுகிறது. பரீட்சையில் 'அடிக்கோடிடுக' என்று கேட்டால் இதில்தான் மாட்டுவார்கள்.

இதுவரை தமிழ் நமக்கு உதவியது. இனி தமிழ் காலை வாரிவிடும் இடம்.

வீடியோ காலில் ஒரு பிரெஞ்சுக்காரம்மாவோடு பேசிப் பழகிக்கொண்டிருந்தேன். எங்கள் இருவருக்கும் தெரிந்த ஒருவர் அன்று வரவில்லை, அவர் இன்னும் அலுவலகத்தில்தான் இருக்கிறாரா என்று அந்த அம்மா கேட்டார். இந்நேரம் போயிருக்க வேண்டும் என்று தமிழில் யோசித்து, இல் ஓரே ட்யு பார்த்திர் என்றேன். அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. 'ஏன் போகவில்லை, ஏதாவது பிரச்சினையா?' என்று கேட்கிறார். நான் முழிக்கிறேன். தமிழில் 'போயிருக்க வேண்டும்' என்றால் 'போயிருப்பார் என்று நினைக்கிறேன்' என்றும் வரும், 'போக வேண்டியவர், ஆனால் போகவில்லை' என்றும் வரும், எது என்பதை நாம் குரலை வைத்துப் புரிந்துகொள்கிறோம். பிரெஞ்சு இரண்டையும் வெட்டிப் பிரித்துவிடுகிறது. ஊகம் என்றால் இல் ஆ ட்யு பார்த்திர், சாதாரண பாசே கோம்போசே. நடக்காத கடமை என்றால் இல் ஓரே ட்யு பார்த்திர். ஓர் 'ஆ'வுக்கும் 'ஓரே'வுக்கும் நடுவில் ஒரு மனிதர் அலுவலகத்தில் சிக்கிக்கொண்டார். இந்த ட்யுவை எழுதும்போது மேலே கூரை போடுங்கள், இல்லாவிட்டால் அது வேறு சொல்லாகிவிடும், பெண்பாலிலும் பன்மையிலும் அந்தக் கூரை கிடையாது.

'சொல்லியிருக்கலாம்' விஷயத்திலும் இதே சிக்கல். 'சொல்லியிருக்கலாம், எனக்குச் சரியாகத் தெரியவில்லை' என்றால் எல் லா பொதெத்ர் தி. 'அட, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே' என்கிற அந்த மனத்தாங்கல் இருந்தால் எல் ஓரே ப்யு ல திர். த்யு ஓரே ப்யு என்று ஆரம்பித்து யாராவது உங்களிடம் பேசினால் திட்டு வருகிறது என்று அர்த்தம், தயாராகிக்கொள்ளுங்கள். ஆசை நிறைவேறாத வருத்தத்துக்கு ஜோரே எமே, ஜோரே வூல்யு. இதே ஜோரே வூல்யு கடையிலும் அலுவலகத்திலும் பணிவுக்கும் பயன்படும், 'ஒரு விவரம் கேட்கலாம் என்று வந்தேன்' என்று நாம் இறந்தகாலத்தில் குழைவோமே, அந்தக் குழைவு அப்படியே இதில் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த பயன் செய்தியில் வருவது. ல மினிஸ்த்ர் ஓரே தெமிசியோனே. முதல் முறை படித்தபோது, அமைச்சர் ராஜினாமா செய்திருப்பார், சரி, ஆனால் எந்த நிபந்தனையில், ஸி எங்கே என்று வாக்கியம் முழுக்கத் தேடினேன். ஸி கிடையாது. இதற்கு அர்த்தம் 'அமைச்சர் ராஜினாமா செய்துவிட்டாராம்'. அந்த 'ஆம்' தான் கோந்திசியோனெல். செய்தி வந்திருக்கிறது, நாங்கள் பொறுப்பில்லை. தமிழ் நாளிதழ் 'கூறப்படுகிறது' என்று ஒரு முழு வினையைச் செலவழிக்கும் இடத்தில் பிரெஞ்சு நாளிதழ் ஓரே என்று முடித்துக்கொள்கிறது. இது தெரியாமல் பிரெஞ்சுச் செய்தி படித்தால் வதந்தியெல்லாம் உண்மையாகிவிடும்.

ஓ கா ஊ என்பதற்குப் பின்னாலும் இது வரும், அவன் மறந்திருந்தால் என்பதற்கு ஓ கா ஊ இல் ஓரே ஊப்லியே. 'முடித்ததும் கூப்பிடுகிறேன் என்றான்' மாதிரிப் பேச்சிலும் தே கில் ஓரே ஃபினி என்று வரும், தமிழ் அங்கே காலத்தை மாற்றாது, பிரெஞ்சு மாற்றும். இவை படிக்கப் படிக்கத் தானாக வந்துவிடும், இதற்காக நேரம் செலவழிக்க வேண்டாம்.

செலவழிக்க வேண்டியது வேறோர் இடத்தில். 'நாளை மாலைக்குள் முடித்திருப்பேன்', 'நேரம் இருந்திருந்தால் முடித்திருப்பேன்'. தமிழில் இரண்டும் ஒரே 'முடித்திருப்பேன்'. பிரெஞ்சில் முதலாவது ஃபுத்யுர் ஆந்தெரியர், எஸ் இல்லாத ஜோரே. இரண்டாவது நம்முடையது, எஸ் உள்ள ஜோரே. இரண்டும் நுணுக்கமாக வேறு ஒலிகள் என்று புத்தகம் சொல்லும், ஆனால் பேச்சில் நிறையப் பேர் பிரித்துச் சொல்வதில்லை, அதனால் பிரெஞ்சுக்காரர்களின் கடிதத்திலேயே எஸ் தொலைந்துபோகும். சந்தேகம் வந்தால் 'நான்' என்பதை 'நாங்கள்' ஆக்குங்கள். நூ ஸோரோன் என்று வந்தால் எஸ் வேண்டாம், நூ ஸோரியோன் என்று வந்தால் வேண்டும். நான் இன்றும் எழுதும்போது இந்தச் சோதனையைச் செய்கிறேன்.

பழைய நாவல்களில் ஜ்யுஸ் எமே என்று ஒன்று பார்ப்பீர்கள், பழச்சாறு இல்லை, கோந்திசியோனெல் பாசேயின் இரண்டாம் வடிவம் என்று அதற்குப் பெயர். படித்தால் புரிந்துகொள்ளுங்கள், பேச்சில் வேண்டாம், பேசினால் வேடிக்கை பார்ப்பார்கள்.

சரி, மைக்கில் விளக்கு எரிகிறது, இந்த முறை பதிவாகியிருக்கும். சா ஓரா எதே ஆன்ரெஜிஸ்த்ரே. இது ஃபுத்யுர் ஆந்தெரியர், அதனால் ஓரா, ஓரே இல்லை.