அப்பாடாவும் நிறைவும்

(இசை பயிலும் இளைஞர்களிடையே பேசியது. எழுத்துக்காகச் சற்றே திருத்தியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம்.

மேடை பயத்தை வெல்வது எப்படி என்று பேசத்தான் முதலில் அழைத்தார்கள். முப்பது வருடங்களாக வயலின் வாசிக்கிறேன், பெரும்பாலும் பாடுகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து. பயம் இன்னும் போகவில்லை. நானே வெல்லாத ஒன்றை உங்களுக்கு எப்படிச் சொல்லித் தருவது? அதனால், கச்சேரி முடிந்த பிறகு நமக்குள் என்ன நடக்கிறது என்று பேசுகிறேனே என்றேன். சரி என்றார்கள்.

முடிந்த பிறகு என்ன நடக்கும் என்று உங்களுக்கும் தெரியும். கைதட்டல் ஓயும். வில்லைத் தளர்த்துவேன். தந்தியில் படிந்த ரோசின் தூளை, வில்லில் தேய்க்கிறோமே அந்தப் பிசின் தூளை, துணியால் துடைப்பேன். அதற்குள் நாலு பேர் மேடைக்கு வந்துவிடுவார்கள். "அந்த மூன்றாவது பாட்டில் என்னமோ பண்ணிட்டீங்க சார்" என்பார் ஒருவர். மூன்றாவது பாட்டில்தான் எனக்கு விரல் வழுக்கியிருக்கும். நான் உயிரைக் கொடுத்து வாசித்த இடத்தைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். முதல் பத்து வருடங்கள் இது என்னை வருத்தியது. இப்போது வணக்கம் சொல்லிவிட்டுப் பெட்டியை மூடுகிறேன்.

வீட்டுக்குப் போனால் தூக்கம் வராது. இரவு ஒரு மணி, இரண்டு மணி ஆகும். உடம்பு ஓய்ந்திருக்கும், மனசு இன்னும் மேடையிலேயே இருக்கும். சில நாள் இதை மகிழ்ச்சி என்று நினைத்துக்கொள்வேன். பல நாள் அது மகிழ்ச்சியே இல்லை, வெறும் ரசாயனம்.

மேடை ஏறும் முன் உள்ளங்கை வியர்ப்பதும் வாய் உலர்வதும் அட்ரினலின் என்ற ஹார்மோன் செய்கிற வேலை. அது ரத்தத்தில் சில நிமிடங்கள்தான் தாக்குப்பிடிக்கும். கூடவே சுரக்கும் கார்ட்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் அப்படி இல்லை. அது பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும். போதாக்குறைக்கு, வலியை மழுங்கடிக்கும் எண்டார்ஃபின் வேறு. ராபின் டன்பார் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2012-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பாடியவர்கள், மேளம் அடித்தவர்கள், ஆடியவர்கள் ஆகியோருக்கு அதன்பின் வலி தாங்கும் அளவு கூடியிருந்தது. சும்மா உட்கார்ந்து இசை கேட்டவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. எண்டார்ஃபின் சுரந்ததன் அடையாளமாக இதை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மேடையில் மூன்று மணி நேரம் வலிக்காத தோள்பட்டை, வீட்டுக் கதவைத் திறக்கும்போது வலிக்க ஆரம்பிக்கிறதே, அதற்கு எனக்கு இதில் விடை கிடைத்தது.

ஆனால் ஒன்று கவனியுங்கள். சொதப்பிய கச்சேரிக்குப் பிறகும் தூக்கம் வருவதில்லை. அன்றைக்கும் இதே அட்ரினலின்தான், இதே கார்ட்டிசால்தான். ஆகவே நான் பேச வந்தது இந்தப் படபடப்பைப் பற்றி இல்லை, மேடை தரும் நிறைவைப் பற்றி.

அப்பாடா என்று ஒரு மூச்சு விடுகிறோம் பாருங்கள், முடிந்தவுடன். அதையும் நிறைவு என்று நினைத்து ஏமாறுவது உண்டு. பாப்லோ காசல்ஸைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், செல்லோ மேதை. வாழ்நாள் முழுக்க மேடை பயத்தோடு இருந்தவர். 1901-இல் சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகில் டமால்பைஸ் மலையில் ஏறிவிட்டு இறங்கும்போது ஒரு பாறை உருண்டு வந்து அவருடைய இடது கையை நசுக்கியது. செல்லோக்காரருக்கு இடது கைதான் எல்லாம். அந்த நேரத்தில் அவர் மனதில் முதலில் எழுந்தது என்ன தெரியுமா? கடவுளே நன்றி, இனி நான் செல்லோ வாசிக்க வேண்டியதில்லை என்பதுதான். அவரே சொன்னது. கை குணமாகி, அதன்பின் எத்தனையோ ஆண்டுகள் வாசித்தார், அது வேறு கதை. நான் சொல்ல வருவது, அப்பாடா என்ற உணர்ச்சிக்குக் கச்சேரியே தேவையில்லை. கச்சேரி ரத்தானாலும் அது வரும். சொல்லப்போனால் ரத்தானால் இன்னும் நன்றாக வரும். (சிரிப்பு)

சரி, அப்படியானால் கைதட்டலா? இதற்கு இங்கிலாந்தின் ராக் குழுவான பீட்டில்ஸின் கதையைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை. 1965 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஷே விளையாட்டரங்கத்தில் ஐம்பத்தைந்தாயிரம் பேருக்கு மேல் கூடிய கூட்டத்தின் முன்னால் வாசித்தார்கள். அதற்கு முன் எந்த ராக் குழுவும் அவ்வளவு பெரிய கூட்டத்தைப் பார்த்ததில்லை. ஆனால் அரங்கம் முழுக்க அலறல். இன்று நம் காலடியில் வைக்கிறார்களே மானிட்டர் ஸ்பீக்கர், அது அவர்களுக்கு இல்லை. தாங்கள் பாடுவது தங்கள் காதிலேயே விழவில்லை. டிரம்ஸ் வாசித்த ரிங்கோ ஸ்டார், முன்னால் நின்ற மூவரின் முதுகும் தலையும் அசைவதைப் பார்த்துத்தான் பாட்டு எந்த இடத்தில் போகிறது என்று ஊகித்துக்கொண்டு வாசித்ததாகச் சொல்லியிருக்கிறார். ஒரு தாளக்காரர் காதை விட்டுவிட்டுக் கண்ணால் தாளம் போட்டிருக்கிறார்! அடுத்த ஆண்டு, 1966 ஆகஸ்ட் 29-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கச்சேரி. அத்தோடு சுற்றுப்பயணத்துக்கே முழுக்குப் போட்டார்கள். உலகத்தில் அன்றைக்கு அவர்களுக்குக் கிடைத்த அளவு ஆரவாரம் வேறு யாருக்கும் கிடைக்கவில்லை. அது போதவில்லை.

அந்த நால்வரில் ஒருவரான ஜார்ஜ் ஹாரிசன், 1971 ஆகஸ்ட் 1-ஆம் தேதி நியூயார்க்கில் வங்கதேச அகதிகளுக்காக ஒரு நிகழ்ச்சி நடத்தினார். தொடக்கத்தில் ரவிசங்கரின் சிதார், அலி அக்பர் கானின் சரோத், அல்லா ரக்காவின் தபலா. அவர்கள் சுருதி சேர்த்து முடித்ததும் அரங்கம் அதிரக் கைதட்டல். சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பது இன்னும் பிடிக்கும் என்று நம்புகிறேன் என்று ரவிசங்கர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த ரசிகர்களைக் குறை சொல்ல மாட்டேன், அன்போடு தட்டியவர்கள். ஆனால் கை தட்டுவதும் காது கொடுப்பதும் ஒன்றில்லை என்பது மேடையில் இருப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

கனடாவின் பியானோ கலைஞர் கிளென் கூல்ட் வேறு எல்லைக்குப் போனார். கைதட்டலையே தடை செய்ய வேண்டும் என்று கட்டுரை எழுதினார். 1964-இல், முப்பத்தொரு வயதில், மேடையை விட்டு விலகி ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போய்விட்டார். அங்கே பிடிக்காத இடத்தை மறுபடி வாசிக்கலாம், வெட்டி ஒட்டலாம். அவர் இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆனாலும் இந்த விஷயத்தில் அவரோடு எனக்கு ஒத்துப்போகாது. திருத்திக்கொள்ள முடியாது என்பதில்தான் மேடையின் ருசியே இருக்கிறது.

ஜாஸ் கலைஞர் ஹெர்பி ஹான்காக் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு சம்பவம் இருக்கிறது. 1960-களில் ஜெர்மனியின் ஸ்டட்கார்ட் நகரம். டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ் குழுவில் இவர் பியானோ. அன்று இரவு எல்லாமே கூடி வந்திருக்கிறது. டேவிஸ் தனி ஆவர்த்தனத்தின் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருக்கும்போது, ஹான்காக் கை தவறி முற்றிலும் தப்பான ஒரு சுரக்கூட்டை அழுத்திவிட்டார். கட்டி வைத்த வீட்டை இடித்துவிட்டோமே என்று இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாராம். டேவிஸ் ஒரு கணம் நிறுத்தினார். பிறகு அந்தத் தப்பைச் சரியாக்குகிற சுரங்களை வாசித்தார். டேவிஸுக்கு அது தப்பாகவே கேட்கவில்லை, நடந்துவிட்ட ஒரு விஷயமாகத்தான் கேட்டது என்று ஹான்காக் பின்னாளில் விளக்கினார். சிறிது நேரம் ஹான்காக்கால் வாசிக்கவே முடியவில்லையாம்.

பக்கவாத்தியக்காரன் என்ற முறையில் இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு முதுகு சிலிர்க்கும். இங்கே ஒருவர் இன்னொருவரைக் கேட்டிருக்கிறார். தப்பையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார். எனக்குத் தெரிந்து மேடையின் நிறைவு என்பது இதுதான்: நான் வாசிப்பது என் காதில் விழ வேண்டும், பக்கத்தில் இருப்பவர் என்னைக் கேட்க வேண்டும், எதிரே இருப்பவர்கள் எங்கள் இருவரையும் கேட்க வேண்டும். இந்த மூன்றும் ஒரே நேரத்தில் கூடினால் அன்றைக்கு அபசுரம் விழுந்திருந்தாலும் நிம்மதியாகப் போய்ப் படுக்கலாம். ஒன்று அறுந்தாலும் எவ்வளவு கைதட்டல் கிடைத்தாலும் அந்த இடம் காலியாகவே இருக்கும்.

ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் 1960-இல் பெர்லினில் ஒரு பாட்டின் நடுவில் வரிகளை மறந்துபோனார். நிறுத்தவில்லை. மறந்துவிட்டதையே பாட்டாக்கினார், கைக்கு வந்த சொற்களை அடுக்கினார், இன்னொரு ஜாஸ் மேதையான லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் குரலில் ஒரு சுற்று பாடினார். அந்தப் பதிவுக்குத்தான் கிராமி விருது கிடைத்தது. விருதைவிட எனக்குப் பிடித்தது பின்னணிக் குழு. பாடகி எந்த வரிக்குப் போவார் என்று அவருக்கே தெரியாத நேரத்தில், அவர்கள் தாளத்தை ஒரு மயிரிழைகூட அசையவிடவில்லை.

ஒரு சின்னச் செய்தி. 2013-இல் சுவீடனின் கோதன்பர்க் ஆய்வாளர்கள் சேர்ந்து பாடுகிறவர்களின் இதயத் துடிப்பை அளந்தார்கள். எல்லோரும் ஒரே இடத்தில் மூச்செடுக்கிறார்கள் அல்லவா, அதனால் அவர்களுடைய துடிப்பும் சேர்ந்தே ஏறி இறங்கியது. ஒன்றாக வாசித்து முடித்தபின் கூட இருந்தவரிடம் பேச எதுவுமே இல்லாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இனி என் கதை. பதினைந்து வருடங்களுக்கு முன்னால் நடந்தது. முந்நூறு பேர் உட்காரக்கூடிய ஒரு கூடம். பாடியவர் என்னைவிட மூத்தவர், நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். தாளத்துக்கு மிருதங்கம். பாதிக் கச்சேரியில் மேடையிலிருந்து மிக்ஸருக்கு, அதாவது மைக்குகளின் ஒலியைக் கலக்கும் கருவிக்கு, போகும் வயரில் ஏதோ கோளாறு, எங்கள் மூன்று மைக்கும் ஒரே நேரத்தில் செத்துப்போயின. மெதுவான ஆலாபனையை முடித்துப் பாட்டை எடுத்திருந்த நேரம். அக்கா நிறுத்துவார் என்று நினைத்தேன். அவர் நிறுத்தவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை, இன்னும் தாழ்த்தினார். மிருதங்கக்காரர் உள்ளங்கையை எடுத்துவிட்டு விரல் நுனிக்கு வந்தார். நான் வில்லைத் தந்தியில் பட்டும் படாமலும் இழுத்தேன்.

கூடத்தில் நாற்காலிகள் கிறீச்சிடுவது நின்றது. யாரோ எழுந்துபோய் மின்விசிறியை அணைத்தார், யார் என்று இன்றுவரை தெரியாது. பின்வரிசையில் இருந்தவர்கள் முன்னால் சாய்ந்தார்கள். அக்கா ஒரு இடத்தில் மூச்சுக்காக நிறுத்தியபோது, முந்நூறு பேரும் மூச்சை நிறுத்தியது எனக்குக் கேட்டது. நிசப்தம் கேட்குமா என்றால், கேட்கும். எட்டு ஒன்பது நிமிடம் அப்படியே போனது.

அப்புறம் 'டொம்' என்று மைக் உயிர் பெற்றது. ஒலிக்காரர் வெற்றியோடு எங்களைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார், பாவம். அக்கா முகத்தில் வந்து போன எரிச்சலை நான் மட்டும்தான் பார்த்தேன்.

முடிந்ததும் கைதட்டல் சுமாராகத்தான் இருந்தது. மேடைக்குப் பின்னால் இருந்த பெஞ்சில் மூவரும் போய் உட்கார்ந்தோம். யாரும் பேசவில்லை. மிருதங்கக்காரர் ஒரு முறை என்னைப் பார்த்தார், நான் தலையை ஆட்டினேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

ஒரு வாரம் கழித்துப் பதிவு கையில் கிடைத்தது. ஆசையாக அந்த இடத்துக்குத் தள்ளிப் போனேன். மிக்ஸரிலிருந்து எடுத்த பதிவு அது. மைக் இல்லாத நேரத்தில் மிக்ஸருக்கு என்ன கேட்கும்? எட்டு நிமிடம் நாற்பது விநாடி, லேசான இரைச்சல் மட்டும். அதை அழிக்காமல் வைத்திருக்கிறேன். எப்போதாவது போட்டுக் கேட்பதும் உண்டு.

அவ்வளவுதான். கேட்டுக்கொண்டிருந்ததற்கு நன்றி.