கோப்பையைத் துடைத்த கை

மதிப்பிற்குரிய ஆலயத் தலைவர் அவர்களே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் அவர்களே, நாற்காலி தந்து உதவிய இளைஞர் மன்றத்தாரே, காலையில் ஆள் கணக்கெடுக்கும் தோட்டத்துப் பெரட்டுக் காலத்திலிருந்து மலேசியாவின் இந்தச் சுங்கை சிப்புட்டைப் பார்த்துவரும் தாய்மார்களே, விடுமுறைக்கு வந்திருக்கும் பல்கலைக்கழகப் பிள்ளைகளே, வணக்கம்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். படித்த பிள்ளைகளுக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்மேல் ஏன் வெறுப்பு வருகிறது? மூன்று காரணம் சொல்கிறேன்: கூட்டம் சேர்க்கும் மனம், வேலை போய்விடுமோ என்ற பயம், பழகாமலே எடுக்கும் முடிவு.

முதலாவது. ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் பிரிஸ்டலில் பள்ளிப் பையன்களை இரண்டு குழுவாகப் பிரித்தார். எந்த ஓவியரின் படம் பிடித்தது என்பதை வைத்துப் பிரித்ததாகச் சொன்னார். உண்மையில் கண்ணை மூடிக்கொண்டு பிரித்ததுதான். தன் குழுவில் யார் என்றே தெரியாமல், பையன்கள் தன் குழுவுக்குத்தான் காசைக் கூட ஒதுக்கினார்கள். 1971இல் வந்த ஆய்வு. சும்மா ஒட்டிய பெயருக்கே இப்படி என்றால், வங்காளதேசத்துத் தொழிலாளர்களை 'பங்களா' என்று இளக்காரமாகச் சொல்வதை வாய்க்கு வாய் கேட்டு வளரும் பிள்ளை என்ன செய்யும்?

என் அக்கா மகன் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. போன தீபாவளிக்கு வந்தவனைக் கடைக்குக் கூட்டிப்போனோம். வங்காளதேசத்துத் தம்பி தே தாரேக் டீ கொண்டுவந்து வைத்தான். இவன் டிஷ்யூ எடுத்துக் கோப்பை விளிம்பைத் துடைத்தான், இரண்டு தடவை. அவனுடைய அப்பாயி ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் பிஸ்கட் டின்னைத் திறந்து குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் சிவப்பு ஐசியை, அந்த அடையாள அட்டையை, எடுத்து அவன் கையில் வைத்தார். "1969ல பெர்மிட் இல்லாதவனுக்கு வேலை இல்லன்னுட்டாங்க. நம்ம தோட்டத்து லயத்துல பக்கத்து வீட்டுக்குக் கிடைக்கல. ரஜூலா கப்பல்ல நாகப்பட்டினம் போனாங்க. கோழி ஏழு, ஆடு ஒண்ணு என்கிட்ட விட்டுட்டுப் போனாங்க. அந்தச் சேவல் பத்து நாள் பூட்டின வாசல்லயே போய் நின்னுச்சுடா." பையன் அட்டையைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

தலைவலியும் காய்ச்சலும் நம் வீட்டுக்கே வந்து போயிருக்கிறது, ஐயா. பிள்ளைகளுக்கு நாம் சொல்லவில்லை.

மற்ற இரண்டையும் விரிக்க நேரமில்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சமமாக உட்கார்ந்து ஒரே வேலையைச் சேர்ந்து செய்தால் வெறுப்பு குறையும் என்று 1954இலேயே கோர்டன் ஆல்போர்ட் எழுதினார். அதற்காகத்தான் ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்: ஞாயிறு காலையில் ஆலய மண்டபத்தைத் திறந்துவிடுங்கள். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் தம்பிகளுக்கு நம் பிள்ளைகள் மலாய் எழுதப் படிக்கச் சொல்லித்தரட்டும், அவர்கள் ஊர்க் கதையைக் கேட்கட்டும். வாசலில் நோட்டு வைத்திருக்கிறேன். முதல் பெயர் என் அக்கா மகனுடையது.