சிங்க் வெட்டும்போது எழும் வெள்ளைப் புழுதி

[காட்சி: பூச்சு வேலை முடிந்த சமையலறை. மேடைக் கல்லின் மேல் பென்சில் கோடு. கட்டிங் மெஷின் ஓடத் தொடங்குகிறது.]

வீடு கட்டியவர்கள் இதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. மேடைக் கல் வந்து இறங்கும். சிங்க் உட்காரும் இடத்தை அளந்து கோடு போட்டு, அங்கேயே வைத்து வெட்டுவார்கள். கொஞ்ச நேரத்தில் அறையே வெள்ளையாகிவிடும். வீட்டுக்காரர் இருமிக்கொண்டே வெளியே போய்விடுவார். வெட்டுகிறவர் முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு அந்தப் புழுதிக்குள்ளேயே குனிந்திருப்பார்.

அந்தப் புழுதியில் இருப்பது சிலிக்கா, மணலிலும் கல்லிலும் இருக்கும் ஒரு தாது. கிரானைட்டில் இது கல்லுக்குக் கல் மாறும். 20 முதல் 45 சதவீதம் வரை இருக்கலாம். இப்போது பலரும் கேட்டு வாங்கும் குவார்ட்ஸ் மேடை, கல் தூளைப் பிசினோடு கலந்து அழுத்திச் செய்வது. அதில் 90 சதவீதத்துக்கு மேல்கூட சிலிக்கா இருக்கும்.

[காட்சி: நுரையீரலின் வரைபடம். மூச்சுக்குழாயில் தொடங்கி நுண்ணறை வரை.]

கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலும் தொண்டையிலும் ஒட்டி, சளியோடு வெளியே வந்துவிடும். ஆபத்து கண்ணுக்குத் தெரியாத தூசியில்தான். 10 மைக்ரானுக்கும் குறைவான துகள்கள் நுரையீரலின் அடி ஆழத்துக்கே போகும். தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான். புழுதி அடங்கிவிட்டது என்று நாம் நினைக்கும் நேரத்திலும் இந்தத் துகள்கள் காற்றில் மிதந்துகொண்டிருக்கும்.

உள்ளே போன துகளை நம் உடம்பின் பாதுகாப்பு செல் ஒன்று விழுங்கும். அதைச் செரிக்க முடியாமல் அந்த செல் செத்துப்போகும். துகள் வெளியே வரும், அடுத்த செல் விழுங்கும், அதுவும் சாகும். இது நடக்கும் இடத்தில் எல்லாம் தழும்பு விழுந்து நுரையீரல் இறுகிப்போகும். இதுதான் சிலிக்கோசிஸ். பழையபடி குணமாக்க மருந்து இல்லை. வேலையை விட்ட பிறகும் நோய் முற்றலாம். போதாததற்கு, காசநோயும் நுரையீரல் புற்றுநோயும் வரும் வாய்ப்பையும் இது கூட்டுகிறது.

அமெரிக்காவில் 2016-இல் வந்த விதிப்படி, 8 மணி நேர வேலையின் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் சிலிக்காதான் இருக்கலாம். நம் ஊர் அறை ஒன்றை வைத்துக் கணக்குப் போடுவோம். 10 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். அந்த அறைக் காற்று முழுவதிலும் சேர்த்து ஒன்றரை மில்லிகிராம்கூட இருக்கக்கூடாது. தண்ணீர் விடாமல் வெட்டும் உலர் வெட்டில் பிளேடு தொட்ட கொஞ்ச நேரத்திலேயே இந்த அளவு தாண்டிவிடும்.

[காட்சி: அதே வெட்டு. இந்த முறை பிளேடில் தண்ணீர் விழுகிறது. புழுதிக்குப் பதில் சாம்பல் நிறச் சேறு.]

சரி, என்ன செய்வது? முதலில் தண்ணீர். பிளேடு கல்லைத் தொடும் இடத்தில், தொட்ட நொடியிலிருந்து, நிற்காமல் விழ வேண்டும். ஒரு பையன் பாட்டிலிலிருந்து அவ்வப்போது ஊற்றுவது போதாது. கடையில் கிடைக்கும் மார்பிள் கட்டர்கள் பலவற்றில் தண்ணீர்க் குழாய் மாட்டும் வசதி உண்டு, மாட்டுவதுதான் இல்லை. தண்ணீருக்கென்று செய்யப்படாத சாதாரண கிரைண்டரில் நனைத்து வெட்டினால் ஷாக் அடிக்கலாம். அதனால் மெஷின் அதற்கேற்றதாக இருக்க வேண்டும், இணைப்பில் கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டும்.

அந்தச் சேறு காய்ந்தால் திரும்பவும் தூசிதான். ஈரமாக இருக்கும்போதே வழித்து அள்ளிவிடுங்கள். துடைப்பத்தால் கூட்டக் கூடாது. கம்ப்ரசர் காற்றால் உடம்பையும் சட்டையையும் ஊதவே கூடாது. வேலைத் துணியை அங்கேயே மாற்றிவிட்டு வீட்டுக்குப் போங்கள், பிள்ளைகள் வந்து கட்டிக்கொள்வார்கள்.

அப்புறம்தான் மாஸ்க். துண்டும் சர்ஜிகல் மாஸ்க்கும் இந்தத் தூசியைத் தடுக்காது. குறைந்தது என்95, அதுவும் முகத்தோடு இறுகி உட்கார வேண்டும். தாடி இருந்தால் இடைவெளி வழியே காற்று உள்ளே போகும். ஒரு மாஸ்க்கைக் கொடுத்துவிட்டு உலர் வெட்டைத் தொடரச் சொல்லும் முதலாளி தன் பொறுப்பைத் தொழிலாளி தலையில் கட்டுகிறார். தண்ணீருக்கும் மெஷினுக்கும் ஏற்பாடு செய்ய வேண்டியவர் அவர்தான்.

ஆஸ்திரேலியாவில் குவார்ட்ஸ் மேடை வெட்டிய இளைஞர்கள் பலருக்கு இந்த நோய் வந்தது. 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே அங்கே தடை செய்துவிட்டார்கள்.

வீடு கட்டுகிறவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. சிங்க் அளவை முன்பே கொடுத்து, தண்ணீர் மெஷின் உள்ள பட்டறையிலேயே வெட்டி வாங்குங்கள். அட்வான்ஸ் கொடுக்கும்போதே இதைப் பேசிவிடுங்கள். கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால் கொடுங்கள்.

[காட்சி: நெஞ்சு எக்ஸ்-ரே.]

கல் வேலை செய்கிற அண்ணன்மாரே, மூச்சு வாங்கினால், இருமல் விடாவிட்டால் மருத்துவரிடம் போனதும் முதலில் செய்யும் தொழிலைச் சொல்லுங்கள். எக்ஸ்-ரேயில் சிலிக்கோசிஸைக் காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் மருந்து கொடுப்பது நம் நாட்டில் அடிக்கடி நடக்கிறது. ராஜஸ்தானில் சிலிக்கோசிஸ் போன்ற தூசி நோய்களுக்காக 2019-இல் தனிக் கொள்கையே கொண்டு வந்தார்கள். அங்கே நோய் உறுதியானவருக்கு அரசு நிவாரணம் உண்டு. எங்கே கேட்டாலும் சான்று வேண்டும். அதனால் எந்தப் பட்டறையில், எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை, என்ன கல் வெட்டினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி, எடுத்த எக்ஸ்-ரே எல்லாவற்றையும் அதோடு சேர்த்து வையுங்கள்.