ஊராட்சித் தலைவரின் கையில் என்ன இருக்கிறது?

அவையில் உள்ள எல்லோருக்கும் வணக்கம்.

ஊராட்சிகளுக்கு அரசியல் சட்டத் தகுதி தந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அது செய்த நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல், அதை நடத்தத் தனி ஆணையம், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகைக்கேற்ற இடங்கள், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இடங்கள். தமிழ்நாட்டில் பெண்களின் பங்கு இப்போது சரிபாதி.

இதெல்லாம் சும்மா கிடைத்துவிடவில்லை. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு இன்னும் ஐந்து பேரையும் 1997 ஜூனில் வெட்டிக் கொன்றார்கள். தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது என்பதுதான் காரணம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சிகளில் அதே எதிர்ப்பால் முறையான தேர்தல் நடக்க 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய நாற்காலியில் உட்கார்ந்தவரால் என்ன செய்ய முடிகிறது? அதைத்தான் இன்றைக்குப் பேச வந்தேன்.

ஊரில் தண்ணீர்த் தொட்டிக்கு நீர் ஏற்றும் மோட்டார் எரிந்துபோகிறது என்று வையுங்கள். குடத்தோடு பெண்கள் வந்து நிற்பது தலைவர் வீட்டு வாசலில். அவர் எங்கே போவார்? பெரிய வேலை என்றால் மதிப்பீடு போட ஒன்றியப் பொறியாளர் வர வேண்டும். பணம் எடுக்கத் துணைத் தலைவரும் ஒப்புதல் தர வேண்டும். தலைவருக்கும் துணைத் தலைவருக்கும் ஆகாது என்றால் அங்கேயே நின்றுவிடும். டெல்லியின் நிதியைப் பகிரப் பரிந்துரைக்கும் 15ஆவது நிதிக் குழு கிராமப்புற உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கிய மானியத்தில் 60 சதவீதம் குடிநீர், துப்புரவு என்று முன்கூட்டியே கட்டிவைக்கப்பட்டது. அவை தேவையானவைதான், மறுக்கவில்லை. ஆனால் தன் ஊருக்கு எது முதலில் வேண்டும் என்று முடிவெடுக்க மிச்சம் இருந்தது 40 சதவீதம்தான்.

அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 205ஆவது பிரிவு. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த கிராம ஊராட்சித் தலைவரைப் பதவியிலிருந்து நீக்கும் அதிகாரத்தை அது மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கிறது. விளக்கம் கேட்பார்கள், உறுப்பினர்களின் கருத்தைக் கேட்பார்கள், எல்லாம் சரி. முடிவு அதிகாரியுடையது. ஒரு சட்டமன்ற உறுப்பினரை ஓர் அதிகாரி இப்படி நீக்க முடியுமா? நினைத்துப் பார்க்கவே மாட்டோம்.

அரசியல் சட்டத்தின் 11ஆவது அட்டவணையில் 29 பொருள்கள் இருக்கின்றன: விவசாயம், சிறுபாசனம், தொடக்கக் கல்வி, சுகாதாரம் என்று நீள்கிறது. இவற்றில் எதை, எவ்வளவு கொடுப்பது என்பதை மாநிலச் சட்டமன்றங்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். கேரளம் 1996இல் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு என்று முடிவெடுத்தது. பள்ளிகளையும் ஆரம்ப சுகாதார நிலையங்களையும் விவசாய அலுவலகங்களையும் ஊழியர்களோடு சேர்த்துக் கீழே இறக்கியது. குறைகள் அங்கேயும் உண்டு. ஆனாலும் அங்கே தலைவர் எதிரில் ஓர் அதிகாரி உட்கார்ந்து பதில் சொல்கிறார்.

மாநில சுயாட்சிக்கு இராஜமன்னார் குழுவை 1969இலேயே அமைத்த மண் இது. டெல்லியிடம் நாம் கேட்பது நியாயம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதே நியாயத்தோடுதான் ஊராட்சித் தலைவரும் சென்னையிடம் கேட்கிறார். அவருக்கு மட்டும் நாம் ஏன் காதுகொடுப்பதில்லை? 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு 2019 டிசம்பர் வரை ஊரகத் தேர்தலே நடக்கவில்லை. தனி அலுவலர்கள்தான் நிர்வாகத்தை நடத்தினார்கள். சில மாவட்டங்களில் 2021 வரை இழுத்தது. சட்டமன்றம் மூன்று வருடம் இல்லாமல் இருந்திருந்தால் நாடே கொந்தளித்திருக்கும்.

205ஆவது பிரிவை நீக்குங்கள், நிதியையும் ஊழியர்களையும் ஊராட்சிக்குக் கொடுங்கள், தேர்தலைக் காலத்தில் நடத்துங்கள் என்று அடுத்த கிராம சபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள். அப்புறம் இன்னொன்று. தீர்மானப் புத்தகத்தை வெற்றுப் பக்கத்தோடு நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். எழுதி முடித்து, வாசித்துக் காட்டிய பிறகு போடுங்கள்.