‘அ’ எங்கே தொடங்குகிறது?

(காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், பழைய வீட்டின் கூடமான பட்டாசாலையில் நடந்த மாலைக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

அவைத்தலைவர் ஐயா அவர்களே, ஆச்சிமார்களே, என்னோடு வேலை பார்த்த ஆசிரியர்களே, தூணுக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்திருக்கும் என் பழைய மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் என் பேச்சுக்குப் ‘பெருந்தொற்றுக் காலமும் தொடக்கக் கல்வியும்’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். பல்கலைக்கழகத்து மேடைக்குரிய தலைப்பு. நானோ பணிக்காலம் முழுவதும் ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் தரையில் உட்கார்ந்தே முழங்காலைத் தேய்த்துக்கொண்டவள். அதனால் எனக்குத் தெரிந்த ஓர் எழுத்தைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கிவிடுகிறேன். அந்த எழுத்து ‘அ’.

2020 மார்ச் நடுவில் பள்ளியை மூடினோம். மாத முடிவு வரை என்றுதான் சொன்னார்கள். பிள்ளைகள் முழு ஆண்டு விடுமுறை முன்கூட்டியே வந்துவிட்டதாக நினைத்துக் குதித்துக்கொண்டு போனார்கள். நானும் சாக்கட்டிப் பெட்டியை மேசை மேலேயே வைத்துவிட்டுத்தான் பூட்டினேன். அதற்குப் பிறகு தொடக்கப் பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. ஏறத்தாழப் பத்தொன்பதரை மாதம். நடுவில் 2021 ஜனவரியில் பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளைத் திறந்தார்கள், பிறகு மூடினார்கள், மறுபடி திறந்தார்கள். எங்கள் சின்னஞ்சிறுசுகளுக்கு மட்டும் கதவு திறக்கவே இல்லை. பெட்டியைத் திரும்பத் திறந்தபோது சாக்கட்டியில் குளவி கூடு கட்டியிருந்தது.

2020 ஆகஸ்ட் 17ஆம் தேதி முதல் அரசுப் பள்ளிகளில் சேர்க்கை நடத்தினோம். பள்ளிக்கே வராமல் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகள் அவர்கள். பெற்றோர் வந்து கையெழுத்துப் போட்டுப் புத்தகம் வாங்கிக்கொண்டு போனார்கள். பிள்ளையை நான் பார்த்தது வாசலில், முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்களாக. அப்படிச் சேர்ந்த ஒரு பையன் சில வாரங்களில் எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு ‘அ’ எழுதிப் படம் அனுப்பினான். நல்ல குண்டு அகரம். சுழி, வயிறு, நேர்கோடு எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. கைதட்டும் பொம்மைப் படம் ஒன்றை நானும் அனுப்பிவைத்தேன்.

ஓராண்டுக்கு மேல் கழித்து அந்தப் பையன் நேராக இரண்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தான். சுவரின் அடியில் பிள்ளைகள் உயரத்துக்குக் கறுப்புப் பட்டை அடித்திருப்போம், பார்த்திருப்பீர்கள். செயல்வழிக் கற்றல் 2007-08இல் மாநிலம் முழுவதும் வந்தபோது வந்த பழக்கம் அது. அதில் ‘அ’ எழுதச் சொன்னேன். அவன் முதலில் வலப்பக்கத்து நேர்கோட்டைக் கீழிருந்து மேலாக இழுத்தான். பிறகு வயிற்றை ஒட்டினான். கடைசியில் உள்ளே ஒரு சுழியை வைத்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தான். முடிந்த எழுத்தைப் பார்த்தால் யாராலும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவன் அதை எழுதவில்லை. தென்னைமரம் வரைவதைப் போல வரைந்திருந்தான்.

எப்படி எழுதினால் என்ன, ‘அ’ வந்தால் போதாதா என்று கேட்கலாம். ‘அ’வோடு நின்றுவிட்டால் போதும்தான். அடுத்து ‘ஆ’ வருகிறதே! சுழியில் தொடங்கியவன் நேர்கோட்டைக் கீழே இறக்கி, அதன் காலிலிருந்து கையை எடுக்காமல் அப்படியே வளைத்துவிடுவான். நேர்கோட்டில் தொடங்கியவனுடைய பென்சில் அந்த நேரத்தில் எழுத்தின் நடுவில் நிற்கும். அவன் கையை எடுத்து, இடம் தேடி, வாலை ஒட்டவைக்க வேண்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் இப்படி ஒட்டுவேலை பார்க்கிற பிள்ளை, மூன்றாம் வகுப்பில் சொல்வது எழுதுதல் வைத்தால் நான்காவது சொல்லிலேயே பின்தங்கிவிடும். அந்தப் பிள்ளைக்குத் தமிழ் வரவில்லை என்று நாம் சொல்லிவிடுவோம். அவன் அனுப்பிய படத்தில் முடிந்த எழுத்துதான் இருந்தது. கை போன வழி அதில் இல்லை. வகுப்பில் என்றால் முதல் நாளே, அவன் தோளுக்குப் பின்னால் நின்று மணிக்கட்டைப் பிடித்திருப்பேன்.

எனக்கு வந்த படங்களில் தப்பே இருக்காது, தெரியுமா? அத்தனை நோட்டும் சுத்தம். சிலவற்றில் அம்மாவின் கையெழுத்து, சிலவற்றில் அக்காவின் கையெழுத்து. குரல் பதிவுகளும் அப்படித்தான். வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொன்ன பதிவை அழித்துவிட்டு, சரியாக வரும் வரை திரும்பத் திரும்பப் பதிவுசெய்து அனுப்பினார்கள். பின்னணியில் சேவல் கூவும், மிக்சி ஓடும், தாத்தா இருமுவார், யாரோ ஒருவர் ‘ஆறேழு நாற்பத்திரண்டு’ என்று கிசுகிசுப்பார். கேட்க எனக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் தப்பு கைக்கு வராவிட்டால் என்னைப் போன்றவர்களுக்கு வேலையே இல்லை. கொத்தனாருக்குச் செங்கல் மாதிரி எங்களுக்குத் தப்பு.

கணக்கில் ஓர் எடுத்துக்காட்டு. 42இலிருந்து 17ஐக் கழிக்க வேண்டும். வட்டிக் கணக்குக்குப் பேர்போன மண்ணில் இருந்துகொண்டு கடன் வாங்கிக் கழித்தலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்வது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். வாட்ஸ்அப்பில் ஒரு பிள்ளை அனுப்பிய விடை 25. பள்ளி திறந்த பிறகு அதே பிள்ளை என் முன்னால் போட்ட விடை 35. ஏனப்பா என்று கேட்டேன். “ஏழிலிருந்துதானே டீச்சர் இரண்டு போகும்? இரண்டிலிருந்து ஏழு எப்படிப் போகும்?” என்றது. பாருங்கள், எவ்வளவு தெளிவான தப்பு! சின்னதிலிருந்து பெரியது போகாது என்று யாரோ எப்போதோ சொன்னதைப் பிள்ளை கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நாற்பத்திரண்டு புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் கூறு கட்டி, ஒரு கூற்றைப் பிரித்துப் போட்டுக் காட்டினால் பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்துக்கு ஓராண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று.

தொலைபேசியை முழுவதும் குற்றம் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் பிள்ளை, இரவு எட்டரை மணிக்குப் போர்வைக்குள் இருந்துகொண்டு கதை சொல்லி அனுப்பினாள். அவளுக்கு அத்தனை குரல் இருக்கிறது என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. பாடப் புத்தகத்தில் 2018 முதலே க்யூஆர் குறியீடு அச்சாகிக்கொண்டிருந்தது. அதை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று நானே அப்போதுதான் கண்டுபிடித்தேன். இன்னொன்றும் உண்டு. ‘ழ’ சொல்லிக்கொடுக்க நாக்கு எங்கே மடிகிறது என்று பிள்ளை பார்க்க வேண்டும். காணொளியில் என் வாய் தெரிந்தது. பள்ளி திறந்த பிறகு முகக்கவசத்தோடு நின்று ‘ழ’ சொல்லிக்கொடுத்த கொடுமையை நான்தான் அறிவேன். பாதி வகுப்பு இன்னும் ‘பளம்’தான் சாப்பிடுகிறது.

கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலேயே தொடங்கியிருந்தது பெரிய உபகாரம். கைப்பேசி இல்லாத வீட்டிலும் அரசு கொடுத்த வண்ணத் தொலைக்காட்சி இருந்தது. ஆனால் தொலைக்காட்சிக்குப் பிள்ளை தண்ணீர் குடிக்க எழுந்து போனது தெரியாது. அது பாட்டுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்.

2020 ஜூலையில் மத்திய அரசு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை நாளொன்றுக்கு இரண்டு அமர்வுக்கு மேல் இணைய வகுப்பு கூடாது, ஓர் அமர்வு 30 முதல் 45 நிமிடம் என்றது. கண் கெடக் கூடாதே என்ற நல்லெண்ணம். எங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் கவலையே வரவில்லை. வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி. அது அப்பாவோடு வேலைக்குப் போய் இருட்டிய பிறகுதான் வீடு திரும்பும். அதுவும் வேலை இருந்த வீட்டில். கல்யாணச் சமையலுக்குப் போகிறவர்கள், ஆத்தங்குடித் தரைக்கல் செய்பவர்கள் வீடுகளில் அடுப்பெரிவதே பெரும்பாடாக இருந்தது. சத்துணவுக்குப் பதிலாகப் பள்ளியில் கொடுத்த அரிசியும் பருப்பும் வாங்க வரும் அம்மாவிடம் “ரீசார்ஜ் செய்தீர்களா?” என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சேர்ந்து பாடுவதும் போயிற்று. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922இல் பிறந்த இராயவரம் நம் பக்கத்து ஊர். அவர் பாட்டில்லாமல் நான் ஒரு நாளும் வகுப்பைத் தொடங்கியதில்லை. ஒரு நாள் ஏழெட்டுப் பிள்ளைகளைக் காணொளியில் ஒன்றாகப் பாடச் சொன்னேன். ஒவ்வொரு குரலும் ஒவ்வொரு நேரத்தில் வந்து சேர்ந்தது. சந்தை இரைச்சல். பாட்டு கெட்டதுகூடப் பெரிதில்லை. கூட்டமாகப் பாடும்போது, தெரியாத பிள்ளை வாயை மட்டும் அசைத்துக்கொண்டு பக்கத்துப் பிள்ளையின் வாயைப் பார்க்கும். நாலு நாளில் அதற்கும் பாட்டு வந்துவிடும். யாருக்கும் தெரியாமல் தப்புச் செய்ய ஓர் இடம் வேண்டாமா? அந்த இடம் போயிற்று.

இனித் திண்ணைக்கு வருகிறேன். 2020 அக்டோபர் இருக்கும். மாலையில் பயிற்சித்தாள் கொடுக்கப் போனேன். பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு ஒன்று, பின்கட்டில் காவலுக்கு ஒரு குடும்பம். உங்கள் வீடுகளின் சுவர்க் கனம் உங்களுக்குத் தெரியும். உள்ளே போனால் கைப்பேசியில் ஒரு கோடுகூட வராது. அதனால் அந்த வீட்டுப் பெண் பிள்ளை, ஐந்தாம் வகுப்பு, முகப்புத் திண்ணைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறாள். அவளைப் பார்த்துத் தெருப் பிள்ளைகள் நாலு பேர் வந்துவிட்டார்கள். ஒரே கைப்பேசி. அவள் பாடத்தைக் கேட்டு, கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, தரையில் சாக்கட்டியால் எழுதிச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு பொடியன் ‘அ’வைக் கோட்டிலிருந்து தொடங்கினான். “டேய் தம்பி, சுழியிலிருந்து வாடா” என்று அவன் கையைத் தட்டிவிட்டாள். நான் தூணோரம் நின்றேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கொஞ்சம் பொறாமையும் வந்தது.

நம் தாத்தா காலத்துத் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருப்பான். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும். இந்த முறையைத்தான் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் சென்னையில் கடைப்பிடித்து, ‘மெட்ராஸ் முறை’ என்று இங்கிலாந்து வரை கொண்டுபோனார். நகரத்தார் கொண்டுவிற்க, அதாவது வட்டித் தொழில் நடத்த, கடல் கடந்து போன ஊர்களிலும் இதே கதைதான். மேலாள், அடுத்தாள், அவர்களுக்குக் கீழே வேலை பழகும் பெட்டியடிப் பையன். பெட்டியடியில் உட்கார்ந்து, பெரியவர் எழுதும் பேரேட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் கணக்குப் படித்தான். பர்மாவிலிருந்து கடிதம் மூலம் கணக்குப் படிக்கலாம் என்று யாரும் மகனை வீட்டிலேயே வைத்துக்கொள்ளவில்லை. இத்தனைக்கும் அப்பா மூன்று வருடத் தவணை வேலைக்குக் கப்பலேறிவிட, கடிதத்திலேயே குடும்பம் நடத்திய ஊர் இது. தூரத்திலிருந்து எதைச் செய்யலாம், எதைச் செய்ய முடியாது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தத் திண்ணைக்கும் சோதனை வந்தது. வீட்டுக்கார ஆச்சி சென்னையில். தெரிந்தால் திட்டுவார்களோ என்று காவல்காரருக்குப் பயம். நானே தொலைபேசியில் பேசினேன். ஆச்சி சற்று நேரம் யோசித்துவிட்டு, “தரையில் எழுதட்டும், கழுவிக்கொள்ளலாம். சுவரில் மட்டும் கை வைக்க வேண்டாம், முட்டை வெள்ளைக்கரு போட்டுப் பூசியது” என்றார்கள். பிள்ளைகள் சுவரை விட்டு ஓர் அடி தள்ளியே உட்கார்ந்தார்கள்.

2021 நவம்பர் 1 திங்கட்கிழமை பள்ளி திறந்தது. வியாழக்கிழமை தீபாவளி. அப்புறம் மழை. அந்த மூன்று நாளில் நான் கண்டது, பிள்ளைகள் பக்கத்தில் உட்காரவே மறந்திருந்தார்கள். பதில் சொல்லும் முன் ஒரு பிள்ளை ஒவ்வொரு முறையும் “கேட்கிறதா டீச்சர்?” என்றது. நான் இரண்டடி தூரத்தில் இருக்கிறேன். திண்ணையில் படித்த நாலு பிள்ளைகள் மட்டும் கேட்காமலே சண்டை போட்டார்கள். அழிப்பானைப் பிடுங்கினார்கள், “இவன் தப்பாகப் போட்டிருக்கிறான் டீச்சர்” என்று கோள் சொன்னார்கள். அவர்கள் நால்வரும் ‘அ’வைச் சுழியிலிருந்துதான் தொடங்கினார்கள்.

அதே வாரங்களில் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தது. அக்டோபர் 27ஆம் தேதி மரக்காணம் பக்கம் முதலமைச்சர் தொடங்கிவைத்தார். மாலையில் ஒன்றரை மணி நேரம், ஒரு தன்னார்வலருக்கு இருபது பிள்ளைகள் வரை. நல்ல ஏற்பாடு. எங்கள் ஊரில் தன்னார்வலர் பிள்ளைகளைத் தேடி அலையவில்லை, இடத்தைத் தேடித்தான் அலைந்தார். ஊரில் அத்தனை திண்ணை இருக்கிறது. ஆனால் முக்கால்வாசித் திண்ணைக்கு இப்போது கம்பிக் கதவு போட்டுப் பூட்டியிருக்கிறீர்கள். திருட்டுப் பயம், ஆடு ஏறும், சீட்டு விளையாடுவார்கள். காரணம் எல்லாம் நியாயம்தான்.

அந்தத் திண்ணைகளைக் கேட்கத்தான் இன்று வந்தேன். உள்வீட்டுச் சாவி வேண்டாம். முகப்புக் கம்பிக் கதவின் சாவி மட்டும், மாலை ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரை. விளக்கு ஒன்று இருந்தால் நல்லது. கூட்டம் முடிந்ததும் வாசலில் செருப்புப் பக்கம் நிற்பேன், கொடுக்கிறவர்கள் கையில் கொடுத்துவிட்டுப் போகலாம். எந்தச் சாவி எந்த வீடு என்று சீட்டு எழுதிக் கட்ட நூலும் கொண்டுவந்திருக்கிறேன். சாக்கட்டி என் செலவு. சுவரில் கை வைக்க விட மாட்டேன்.

வணக்கம்.